கட்டுண்ட காய் 'செக்' கொடுக்குமா?

சதுரங்கப் பலகையில் இந்தக் காய்களை மட்டும் வையுங்கள். வெள்ளை ராஜா இ1, யானை இ3. கறுப்பு யானை இ8, ராஜா ஏ3.

வெள்ளை யானை தன் நெடுவரிசையை விட்டு விலகினால் அதன் ராஜா தாக்கப்படும். இதுவே கட்டுண்ட காய். அப்படியானால், அதே கிடைவரிசையில் நிற்கும் கறுப்பு ராஜாவுக்கு அது செக் கொடுக்கிறதா? "அதுதான் விலக முடியாதே!" என்று உங்கள் நண்பர் வாதாடலாம். விடமாட்டீர்கள் அல்லவா? அது செக்தான்!

ராஜாவையும் வெட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளை யானை முதலில் வெட்டிவிடும், ஆட்டம் முடிந்தது. கறுப்பு யானைக்குப் பழிவாங்க முறையே வராது! பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதியும் இதையே கூறுகிறது.

ஆனால் தற்காப்பில் கதை வேறு. பலகையை மாற்றுங்கள். கறுப்பு ராஜா ஜி8, பிஷப் எஃப்8. வெள்ளை யானை ஏ8, சிப்பாய் எஃப்6, ராஜா ஜி1. இப்போது வெள்ளை ராணி ஜி7-க்கு வருகிறது. பிஷப் அதை வெட்டினால் யானைக்கு வழி திறந்துவிடும்; எனவே வெட்டக் கூடாது. ராஜாவும் வெட்ட முடியாது. சிப்பாய் காவல் நிற்கிறது. தப்பியோடக் கட்டமும் இல்லை. செக்மேட்!

கட்டுண்ட காய் எதிரி ராஜாவை மிரட்டும். தன் கோட்டை விட்டுத் தன் ராஜாவைக் காக்க வராது. இரண்டையும் நினைவில் வையுங்கள்.