திரையில் வரும் வைக்கிங்குகளும் வரலாற்றின் வைக்கிங்குகளும்

'வைக்கிங்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் 4ஆவது சீசனில் ஒரு காட்சி. வடதிசைக் கடற்கொள்ளையர்கள் முஸ்லிம் ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் நகரைச் சூறையாடுகிறார்கள். பள்ளிவாசலில் தொழுகை நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே நுழைகிறார்கள். 'இது உண்மையா?' என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வது?

பாதி உண்மை. கி.பி. 859 வாக்கில் அவர்கள் அந்நகரைத் தாக்கிப் பள்ளிவாசலை எரித்தது வரலாறு. தொழுகையின் நடுவே நடப்பதாகக் காட்டுபவை கதாசிரியரின் கற்பனை. அதற்கும் முன்பே, 844இல், அவர்கள் செவில் நகரைப் பிடித்தார்கள். அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் படை அவர்களை முறியடித்தது. பிறகு அங்கே கப்பல் கட்டும் தளமும் எழுந்தது. முஸ்லிம்கள் எதிர்க்காமல் மடிந்தவர்கள் என்று அந்த ஒரு காட்சியை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.

இதே அளவுகோலை நம் வீடுகளில் விரும்பிப் பார்க்கும் 'எர்துருல்' தொடருக்கும் வைப்பதே நீதி. எர்துருலைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை மிகக் குறைவு. தொடரோ 5 சீசன்கள்! நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காகக் கற்பனை வரலாறாகிவிடாது.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம். திரையில் வரும் செய்திக்கும் அந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம், இன்ஷா அல்லாஹ்.