நெடுங்காலம் நின்ற மோட்டார் வண்டியும் மலைச்சாலையும்

சின்னக்கானலிலிருந்து பூப்பாறை வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கும் மோட்டார் வண்டி, போடிமெட்டிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை இழக்கின்றது. ஆட்களுடன் 900 கிலோகிராம் எடையுள்ள சிறிய வண்டி இவ்வாறு இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், சுமார் 30 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் ஏற்கும். மீதமுள்ளது பிரேக்குகளில் வெப்பமாக மாறும். பல்லாண்டுகள் கொட்டகையில் நின்ற வண்டியை மீண்டும் ஓட்ட விழைவோர் முதற்கண் கருதவேண்டியது இதுவே. எஞ்சின் இயங்குமா என்பது அடுத்த கேள்வி.

எடுத்துக்காட்டாக, 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொள்வோம். இது டிரயம்ப் ஹெரால்டு வண்டியின் அமைப்பைத் தழுவியது. அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் செய்யப்பட்டமையால், நம் பழைய மெக்கானிக்குகளுக்கு இதன் உறுப்புகள் அந்நியமானவை அல்ல. தொடக்ககால ஸ்பிட்ஃபயரில் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளுக்கும் ஒரே திரவச் சுற்றுதான் உண்டு. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் செயலற்றுப்போகும். (பிரேக்கைத் 'தடை' என்று மொழிபெயர்ப்பதுண்டு, பட்டறையில் அச்சொல் செல்லாது.)

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடுபனியும் தென்மேற்குப் பருவமழையும் மிகுந்த இம்மலைகளில் இது விரைந்து நிகழும். டாட் 3 வகைத் திரவம் புதியதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் கீழ் கொதிக்கலாகாது என்பது விதி; ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் இவ்வெல்லை 140 பாகையாகக் குறைகின்றது. திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவியோ சுருங்கும். ஆகவே மிதியை அடிவரை மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. மேலும், உறிஞ்சப்பட்ட நீர் சிலிண்டர்களைத் துருப்பிடிக்கச் செய்து பிஸ்டன்களை இறுகவைக்கும். ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே ஊதி அடைபட்டிருக்கலாம். எனவே பழைய திரவத்தை முற்றிலும் நீக்கி, ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றுதல் அவசியம். இதில் சிக்கனம் கூடாது.

எஞ்சினை உடனே ஸ்டார்ட்டரால் சுழற்றலாகாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு, ஒருநாள் கழித்துக் கையால் மெதுவாகத் திருப்புக. தடையின்றிச் சுழன்றால் எஞ்சின் எண்ணெயை மாற்றி மேற்செல்லலாம். எலி கடித்த மின்கம்பிகளையும் பார்த்துக்கொள்க. தொட்டியிலுள்ள பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை வடித்துத் தொட்டியையும் கார்புரேட்டரையும் கழுவவேண்டும். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது; பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். குழாய் கசிந்தால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

டயரின் பள்ளங்கள் தேயாதிருப்பினும் வயது முதிர்ந்த ரப்பர் வெடிக்கக்கூடும். 2000-க்குப் பின் செய்தவற்றில் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். இவ்வண்டியின் பின்அச்சு, வளைவின் நடுவே முடுக்கியிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் சக்கரம் உள்மடிந்து வழுக்கக்கூடியது. ஆகையால் வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்தல் வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென 2021-ல் மத்திய அரசு தனி விதிகள் வகுத்தது. அவ்வகையில் பதிவுசெய்யப்பட்டவை கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு முதலியவற்றுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம்; அன்றாடப் பயணத்துக்கு அல்ல.

முதல் ஓட்டம் சமதரையில் நடைபெறுக. பின்னர்ச் சிறிய இறக்கமொன்றில் இரண்டாம் கியரில் இறங்கி, நிறுத்தி, புறங்கையைச் சக்கரங்களின் அருகே தொடாமல் கொண்டுசென்று பார்க்கவேண்டும். முன்சக்கரங்கள் இரண்டில் ஒன்று மட்டும் மிகுதியாகச் சூடேறியிருப்பின், அங்குள்ள பிரேக் இன்னும் விடுபடவில்லை. வண்டி பட்டறைக்கே திரும்பவேண்டும்.