தொட்டி மிளகாய்க்குத் தண்ணீரும் உரமும்

தில்லிக்கு வந்துவிட்ட நம் குடும்பங்களில், ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாலு குண்டு மிளகாய் வற்றலை விதைக்கென்று முடிந்து வருபவர்கள் உண்டு. விதை முளைக்கும், செடியும் வளரும். கோடையில் பட்டுப்போகும். "இந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவோம். வெயிலைவிட, நாம் அன்போடு ஊற்றும் தண்ணீரே பல செடிகளுக்கு எமனாகிறது.

ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பாதைக்கு முதல் எதிரி தேங்கும் தண்ணீர். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி பரப்புவதற்கு நீர் வடிவதும் ஒரு காரணம். தொட்டிக்கும் அதே விதிதான். ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவோம்! 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாய் மானாவாரியில் விளைவது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

12 அங்குல மண்தொட்டி போதும். அடித்துளை மேல் ஓட்டுச் சில்லு வையுங்கள். தோட்டமண் 2 பங்கு, மக்கிய எரு 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றுமுன் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் காலை வேளை நல்லது. மத்தியானம் வாடி மாலையில் தானே நிமிரும் செடிக்குக் கவலை வேண்டாம். குளிர்காலத்தில் மண் மெதுவாகத்தான் காயும், அதற்கேற்பக் குறையுங்கள்.

உரத்திலும் அளவு வேண்டும். இங்கே எளிதில் கிடைக்கும் கடுகுப் புண்ணாக்கு ஒரு பிடியை நாலைந்து நாள் ஊறவைத்து, வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்து, 15 நாளுக்கு ஒருமுறை ஒரு குவளை விடலாம். அதிகமானால் இலை செழிக்கும், பூ வராது.

மே, ஜூனில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கும்போது பூ உதிர்வது இயற்கை. அதற்காக உரம் போடாதீர்கள். மத்தியானத்தில் பழைய வேட்டியால் நிழல் கட்டுங்கள். மழை வந்து வெப்பம் தணிந்ததும் காய் பிடிக்கும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று பார்க்கலாம். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள்.

காய்த்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். மிளகாய் சில ஆண்டுகள் வாழக்கூடியது. பனி இரவுகளில் சுவரோரம் நகர்த்திச் சாக்கால் மூடிக் காப்பாற்றி, பிப்ரவரி கடைசியில் கவாத்து செய்தால் மீண்டும் துளிர்க்கும்.

நன்றாகப் பழுத்த காய்கள் நாலைந்தை நிழலில் உலர்த்தி விதை எடுத்து வையுங்கள். அடுத்த முறை விதைக்காக ஊர்ப் பயணத்தை எதிர்பார்க்க வேண்டாம். சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்தால், இன்னொரு வீட்டு மாடியிலும் நம் ஊர் மிளகாய் காய்க்கும்.