பேச்சு வரும்வரை காத்திருக்கலாமா?

“அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான். எல்லாம் தானாக வரும்.” எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பார்வையாளர் வரிசையிலிருந்த ஒரு பாட்டி இப்படிச் சொன்னதும் பலர் தலையாட்டினர். நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சுதானே!

சில பிள்ளைகளுக்குத் தானாக வரலாம். எந்தப் பிள்ளைக்கு வராது என்பதை வீட்டிலிருந்தே கணிக்க முடியாது என்பதுதான் சிக்கல். இரண்டு வயதில் “பால் வேணும்”, “அம்மா வா” என இரு சொற்களைச் சேர்க்காவிட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலோ பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டில் வயதுவாரியான கேள்விகள் உண்டு. தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் புரட்டுபவர்களே அதிகம்!

தேவைப்பட்டால் மருத்துவர், கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார். அங்கு மதிப்பீடு முடிந்ததும், ‘இபிக்’ எனப்படும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் பரிந்துரைக்கப்படலாம். தேவை குறைவென்றால் பாலர் பள்ளியிலேயே உதவி கிடைக்கும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணக் கழிவும் உண்டு.

அடுத்து, பிள்ளைக்கென ஒரு திட்டம் தயாராகும். “பேசவைக்க வேண்டும்” என்று மட்டும் எழுதினால் போதாது. “சாப்பாட்டு நேரத்தில் வேண்டியதைக் கைகாட்டியோ ஒரு சொல்லாலோ கேட்கவேண்டும்” என்றிருந்தால், சில மாதங்கள் கழித்துச் சரிபார்க்கலாம். சிகிச்சையாளருடன் பிள்ளை இருப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். மற்றதெல்லாம் வீட்டில்! 2019ல் இரண்டு வயதுக்குட்பட்டோருக்காக வந்த ‘இபிக்’ பிரிவு, பெற்றோரையும் பயிற்சியில் உட்காரவைத்தது இதற்காகத்தான். பிஸ்கட் டப்பாவைக் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாதபடி வைத்து, பிள்ளை கேட்கும்வரை சில விநாடிகள் பொறுத்திருப்பதும் பயிற்சிதான்.

பேச்சுத் தாமதம் என்றதும் பல பெற்றோர் முதலில் நிறுத்துவது தமிழை. “ஒரே மொழி போதும், குழம்பிவிடுவான்” என்பார்கள். இரு மொழிகள் கேட்பதால் தாமதம் வருவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது. தன்முனைப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளிலும் அப்படித்தான். பகலெல்லாம் பிள்ளையுடன் இருக்கும் பாட்டிக்குத் தமிழ்தான் தெரியும் என்றால், தமிழை நிறுத்துவது பாட்டியின் வாயைக் கட்டுவதுதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பாட்டி என்னிடம் வந்தார். “அப்ப நான் தமிழ்லயே பேசலாமாம்மா?”

தாராளமாகப் பேசலாம், பாட்டி. ஒன்றிரண்டு சொற்களாகப் பேசி, அவன் பதிலுக்குக் காத்திருங்கள். முதல் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் அவன் விளையாடுவதைக் கைப்பேசியில் படமெடுத்து எடுத்துச்செல்லச் சொல்லுங்கள்.