டயாலிசிஸ் கூடமும் நோயாளியின் பொறுப்பும்

வாரத்துக்கு மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இயந்திரத்தோடு இருப்பது 12 மணி நேரம்தான். மீதி 156 மணி நேரமும் எவ்வளவு தண்ணீர் குடிப்பது, எதைச் சாப்பிடுவது, எந்த மாத்திரையை எப்போது போடுவது, ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையை எப்படிக் காப்பது என்பதெல்லாம் அவர் பாடு. செலவையும் அலைச்சலையும் எண்ணி வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் நோயாளி கற்றுக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அந்தச் சிகிச்சைக் கூடமே.

மைசூரை எடுத்துக்கொண்டால், நோயாளி கற்றுக்கொள்ளும் சூழல் பஸ்ஸிலிருந்தே தொடங்குகிறது. நகரத்தின் கே.ஆர். ஆஸ்பத்திரி, ஜே.எஸ்.எஸ். போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு ஹுணசூர், நஞ்சன்கூடு, ஹெச்.டி. கோட்டே பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சிகிச்சை முடியும்போது ரத்த அழுத்தம் இறங்கி, கால் பிடித்து இழுத்து, உடம்பு துவண்டிருக்கும்; அந்த நிலையில் மறுபடி பஸ் பயணம். அலைச்சலுக்கு அஞ்சி ஒரு முறை தவறவிட்டால் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். 2016-ல் மத்திய அரசு அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டமும், கர்நாடகத்தின் தாலுகா மருத்துவமனைகளில் நடக்கும் இலவச டயாலிசிஸும் இந்தத் தொலைவைத்தான் முதலில் குறைக்கின்றன.

கூடத்துக்குள் எடை மெஷினே முக்கியமான ஆசிரியர். போன முறை சிகிச்சை முடிந்தபோது இருந்த எடைக்கும் இன்று வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம், பெரும்பாலும் இடையில் உடம்பில் தங்கிவிட்ட நீர். டெக்னீஷியன் அதைப் பார்த்து சார்ட்டில் குறித்துவிட்டுப் போனால் அது ஆஸ்பத்திரியின் கணக்கு. நோயாளியே எண்ணைப் படித்துத் தன் நோட்டில் எழுதினால், நேற்றுக் குடித்த இரண்டு டம்ளர் மோர் எங்கே போயிற்று என்று அவருக்கே புரியும். சார்ட் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் கன்னடமோ உருதுவோ தமிழோ மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

குளிரும் சின்ன விஷயமல்ல. ரத்தம் உடம்புக்கு வெளியே சுற்றி வருவதோடு ஏசியும் சேர்ந்தால் உடம்பு நடுங்கும். கம்பளியை இழுத்துப் போர்த்தத் தோன்றும். ஆனால் ஊசி ஏறிய கை வெளியே தெரிய வேண்டும். ஊசி நழுவினால் கம்பளிக்கு அடியில் ரத்தம் போவது யார் கண்ணிலும் படாது. இதைச் சொல்லித்தந்த கூடத்தில் நோயாளி தன் கையைத் தானே கவனிக்கிறார்.

கட்டில்கள் நெருங்கியிருந்தால் இன்னொரு சிக்கல். பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி 'உப்பைக் குறைத்தீர்களா' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். ஒரு திரையும் தாழ்ந்த குரலும் போதும், உண்மை வெளியே வரும். ஆலோசனையும் ஊரோடு ஒட்ட வேண்டும். ஆப்பிள் படம் போட்ட போஸ்டரைவிட, இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி, ராகி முத்தேயின் (களியின்) அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே மைசூர்க்காரருக்கு உதவும்.

ஸ்வீடனில் யான்ஷாப்பிங் நகரின் ரிஹோவ் மருத்துவமனை நோயாளியின் இந்தப் பொறுப்பை வெகுதூரம் கொண்டுபோனது. 2005 வாக்கில் ஒரு நோயாளி தன் சிகிச்சையைத் தானே செய்துகொள்ளக் கேட்டதில் தொடங்கி, இயந்திரத்தைத் தயார் செய்வதும் ஊசி குத்துவதும் நோயாளிகளே என்று ஒரு தனிப் பிரிவே அங்கு உருவானது. நெரிசல் மிகுந்த நம் அரசு மருத்துவமனையில் அதை அப்படியே செய்ய முடியாது; எடையும் நோட்டும் முடியும்.

வீட்டையே கூடமாக்குவது வயிற்றுவழி டயாலிசிஸ். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுதருகிறது. வழக்கமாக நாளுக்கு மூன்று நான்கு முறை, சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு வடிக்க வேண்டும். பையை இணைக்கும்போது கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். கிருமி புகுந்தால் வயிற்று உள்சவ்வு அழற்சி வரும். ஒரே அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டில் இதற்கொரு சுத்தமான மூலை கிடைக்குமா என்பதை முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பார்த்தாக வேண்டும்.