நீரில் மகப்பேறு: ஒரு தாயின் பட்டறிவு

பிள்ளை பெறுதலைத் தமிழில் 'பேறு' என்கிறோம். கிடைத்தற்கரிய செல்வத்திற்கும் அதுவே பெயர். கருவிலுள்ள குழவியைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்பையை நம் மூதாட்டியர் 'பனிக்குடம்' என்றனர். மருத்துவக் கல்லூரியில் பயிலாத அப்பெண்டிர், பிள்ளை நீரில் மிதந்து வளர்கிறது என்பதை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல் ஒன்றே போதும். பேறுகாலம் நெருங்கும்போது அக்குடத்தில் ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீர் இருக்கும். ஒன்பது திங்கள் நீரில் கிடந்த பிள்ளை, வெளிவரும்போதும் நீரிலேயே வந்தால் என்ன? இவ்வினா நம் காதுக்கு விந்தையாக ஒலிக்கலாம். மேலைநாடுகளில் அரை நூற்றாண்டாக இது பேசப்பட்டும் செய்யப்பட்டும் வருகிறது.

இதனை எழுத நம்மைத் தூண்டியது ஒரு மடல். நம் துறையில் இளங்கலை பயின்று, மணம் முடித்து, கணவருடன் இங்கிலாந்தில் குடியேறிய முன்னாள் மாணவியார் ஒருவர், தம் இரண்டாம் பேறு நீர்த்தொட்டியில் நிகழ்ந்ததை ஒன்பது பக்கங்களில் எழுதியிருந்தார். பெயரைக் குறிக்க வேண்டா, செய்தியைச் சொல்லலாம் என்று இசைவும் தந்தார். நாமும் இரு மக்களை ஈன்றோம் ஆதலின், அம்மடலை ஒருமுறைக்கு இருமுறை படித்தோம்.

அவருடைய முதற்பேறு ஊரில், ஒரு மருத்துவமனையில் நிகழ்ந்தது. உயரமான கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். எழுந்து நடக்க விடவில்லை. வலி தாளாமல் அலறியபோது, 'இப்போது கத்தி என்ன பயன்?' என்று தொடங்கி, எழுதத் தகாத சொற்களையும் பணிப்பெண்டிர் கூறினர். உம்மாவை உள்ளே விடவில்லை. பிள்ளை நலமாகவே பிறந்தது. யாரும் தீங்கு செய்ததாகச் சொல்ல இயலாது. ஆயினும், "வலி மறந்துவிட்டது டீச்சர், அந்த ஏச்சு மறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். மீண்டும் கருவுற்றபோது அவரை வாட்டியது வலியின் நினைவன்று. அந்தக் கட்டிலின் நினைவே.

அங்கே பேறுகாலப் பெண்ணைக் கவனிப்பவர் பெரும்பாலும் தேர்ச்சி பெற்ற மருத்துவச்சியரே. சிக்கல் தோன்றினால் மட்டுமே மருத்துவர் வருவார். தொட்டியில் வலி தாங்குதல், தொட்டியிலேயே ஈனுதல் என்னும் வாய்ப்புகளை மருத்துவச்சி எடுத்துரைத்தபோது, மாணவியார் முதலில் கேட்ட கேள்வி உடை பற்றியது. மேலாடையுடன் இருக்கலாம், பெண்கள் மட்டுமே உடனிருப்பர், விளக்கைக் குறைத்து வைக்கலாம் என்று விடை வந்தது. பேற்றுக்கு உதவவென்று ஊரிலிருந்து சென்றிருந்த உம்மா கேட்ட கேள்வியோ வேறு: "தண்ணிக்குள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?" அதற்கான விடையைப் பின்னர்க் காண்போம்.

வலி தொடங்கியவுடன் தொட்டியில் இறங்க விடவில்லையாம். வலி சீராகி, கருப்பை வாய் போதிய அளவு திறக்கும் வரை நடக்கச் செய்தனர். மிக முன்னதாக இறங்கினால் வலி தளர்ந்துவிடுவதுண்டு. பிறகு மார்பளவு வெந்நீரில் இறங்கினார். 'வெந்நீர்' என்றோமே தவிர, அது உடலின் சூட்டை ஒத்த நீர், 37.5 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது என்பது விதி. மணிக்கொருமுறை வெப்பமானி கொண்டு பார்த்தனர். இறங்கிய கணத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதன் சாரம் இது: இடுப்பைப் பிளந்துகொண்டிருந்த சுமையை யாரோ இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாற் போலிருந்தது. வலி போய்விடவில்லை. ஒவ்வோர் அலையும் முன்போலவே வந்தது. ஆனால் அலைக்கும் அலைக்கும் இடையே கண்ணயர முடிந்தது. மண்டியிடவும், விளிம்பைப் பற்றிக் குனியவும், பக்கம் திரும்பவும் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கரையிலே அமர்ந்திருந்த உம்மா அவர் கையைப் பிடித்தபடி ஓதிக்கொண்டிருந்தார்.

இஃது ஒருவருடைய கற்பனையன்று. நீர் உடலை ஏந்துவதால் எடை குறைந்தாற்போல் ஆகிறது. ஆர்க்கிமிடீசு விதியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நிறைமாதப் பெண் கட்டிலில் புரள்வதற்குப் படும் பாட்டை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். வெப்பத்தால் தசைகள் தளர்கின்றன. அச்சம் தணியும்போது அட்ரினலின் சுரப்பும் தணிகிறது. அட்ரினலின் மிகுந்தால், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் தடைப்படும். அஞ்சிய பெண்ணுக்கு வலி மிகுதி, முன்னேற்றம் குறைவு என்று மூத்த மருத்துவச்சியர் சொல்வதன் உடலியல் விளக்கம் இதுவே. வலிக்குச் சூடு ஆறுதல் தரும் என்பது நமக்கும் புதிதன்று. வலி கண்ட பெண்ணின் இடுப்பில் வெந்நீர் வார்ப்பதும், சீரகக் கஷாயம் கொடுத்துச் சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று பார்ப்பதும் நம் வீடுகளில் நடந்தவைதாமே! ஆனால் நீருக்குள்ளேயே பிள்ளையை ஈனும் வழக்கம் இங்கு இருந்ததென்று பழம்பெருமை பேச நாம் விரும்பவில்லை.

அச்சில் பதிவான பழைய நிகழ்ச்சி பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. 1803இல் 48 மணி நேரம் வலியில் துவண்ட பெண்ணொருத்தி ஆறுதலுக்காக வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். சற்று நேரத்தில் பிள்ளை அங்கேயே பிறந்துவிட்டது. இச்செய்தி 1805இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. அதன்பின் நெடுங்காலம் இதுபற்றிப் பெரிய பேச்சில்லை. 1960களில் சோவியத்து நாட்டில் நீச்சல் பயிற்சியாளரான இகோர் சார்கோவ்ஸ்கி என்பார் நீரில் ஈனுதலை வலியுறுத்தினார். அவர் கைக்குழந்தைகளை நீரில் அமிழ்த்திப் பழக்கிய முறைகள் பெரிதும் கண்டிக்கப்பட்டன, கண்டித்தது சரியே. பிரான்சில் மருத்துவர் ஃபிரெடெரிக் லெபோயே, பிறந்த குழவியை மங்கிய ஒளியில், ஓசையின்றி வரவேற்று, இளஞ்சூட்டு நீரில் மிதக்க விட வேண்டும் என்று 1974இல் ஒரு நூலெழுதினார். இவரே பின்பு கல்கத்தாவில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதைக் கண்டு, அதனைப் படங்களுடன் நூலாக்கி மேலைநாட்டாருக்கு அறிமுகம் செய்தவர். நம் பாட்டிமார் நாள்தோறும் செய்ததைக் கற்றுக்கொள்ள ஐரோப்பியர் கல்கத்தா வரை வந்தனர். நாமோ அதனைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். அது வேறு கதை.

நீர்ப்பேற்றுக்கு மருத்துவ உலகில் இடம் பெற்றுத் தந்தவர் மிஷேல் ஓதான். பாரிசுக்குத் தெற்கேயுள்ள பித்திவியே என்னும் சிற்றூரின் அரசு மருத்துவமனையில் அவர் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். மகப்பேற்றுப் பிரிவும் அவர் பொறுப்பில் வந்தது. சிறுவர் விளையாடும் ஊதுதொட்டி ஒன்றை வாங்கி, வலியால் தவிப்போர் இறங்கி இளைப்பாறட்டும் என்று வைத்தார். ஈனுவதற்காக அவர் அதனை வைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சில தாய்மார் வெளியேற மனமின்றி அங்கேயே ஈன்றனர். குழாயில் நீர் விழும் ஓசை கேட்ட அளவிலேயே சிலருக்குப் பேறு விரைந்ததாகவும் அவர் எழுதுகிறார். நீரில் நிகழ்ந்த நூறு பேறுகளைப் பற்றி 1983இல் 'லான்செட்' இதழில் அவர் எழுதிய கட்டுரை பிற நாட்டாரின் கவனத்தை ஈர்த்தது. 1992இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவொன்று, இயன்ற மருத்துவமனைகளிலெல்லாம் பேற்றுத் தொட்டி வாய்ப்பு இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நம் மாணவியாருக்கு அத்தொட்டி கிடைத்ததற்குப் பின்னால் இத்தனை வரலாறு உண்டு.

இனி உம்மாவின் கேள்விக்கு வருவோம். கருவிலுள்ள பிள்ளை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. கொப்பூழ்க்கொடி வழியே தாயின் குருதியிலிருந்து உயிர்வளி பெறுகிறது. வெளிவந்த பின்னும் கொடி துடித்துக்கொண்டிருக்கும் சிறுபொழுது அவ்வழி திறந்தே இருக்கும். முகத்தில் குளிர்ந்த காற்றுப் படுதல், சூழல் மாறுதல் ஆகியவை முதல் மூச்சைத் தூண்டுகின்றன. உடற்சூட்டை ஒத்த நீரில் அத்தூண்டல் குறைவு. மேலும், நீர் தொண்டைக்குச் சென்றால் குரல்வளை தானே மூடிக்கொள்ளும் இயல்பும் குழவிக்கு உண்டு. ஆகவே நலமான பிள்ளை நீருக்குள் மூச்சிழுப்பதில்லை. ஆனால் 'நலமான' என்னும் அடைமொழியை ஈண்டு அழுத்திச் சொல்ல வேண்டும். கருவிலேயே உயிர்வளி குறைந்து தவிக்கும் பிள்ளை நீருக்குள்ளேயே மூச்சுக்குத் திணறக்கூடும். அதனாலேயே, நீருக்குள் வைத்துப் பார்க்கும் கருவியால் பிள்ளையின் இதயத்துடிப்பை அடிக்கடி கேட்கிறார்கள். துடிப்பில் மாற்றம் கண்டால் தாயைக் கரையேற்றிவிடுகிறார்கள். பிறந்த பிள்ளையைத் தாமதமின்றி நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும்; முகம் காற்றைக் கண்டபின் மீண்டும் நீரில் அமிழ்த்தலாகாது. வேகமாகத் தூக்கினால் குட்டையான கொடி அறுந்துபோவதும் உண்டு. குருதி வீணாகாமல் உடனே பிடித்து இறுக்க மருத்துவச்சி அறிந்திருக்க வேண்டும்.

எல்லாத் தாய்மார்க்கும் இது பொருந்துவதன்று. குறைமாதம், இரட்டைப் பிள்ளை, கால் முன்னே வரும் நிலை, மிகுந்த இரத்த அழுத்தம், குருதிப்போக்கு, பிள்ளை கருவிலேயே மலம் கழித்த நிலை போன்றவற்றில் தொட்டி கூடாது. தொட்டியின் தூய்மை மற்றொரு கவலை. வீட்டில் நாட்கணக்காகச் சூடேற்றிச் சுழற்றி வைத்த நீரில் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருகி, பிறந்த குழவியைத் தாக்கிய நிகழ்ச்சியை அடுத்து, அத்தகைய தொட்டிகளைப் பயன்படுத்த வேண்டா என்று 2014இல் இங்கிலாந்தின் பொதுநலத் துறை எச்சரித்தது.

மருத்துவ உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2016இல் வெளியிட்ட கருத்துரையில், வலிக்காலத்தின் முதற்கட்டத்தில் நீரில் இருப்பது நன்மை தரக்கூடும், ஆனால் ஈனுதல் தரையிலேயே நிகழட்டும் என்றது. 2018இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 15 சோதனைகளில் பங்குற்ற 3663 பெண்களைக் கணக்கிட்டு, முதற்கட்டத்தில் நீரில் இருந்தோருக்கு முதுகுத்தண்டு மயக்க ஊசியின் தேவை குறைந்ததைக் காட்டியது. 2024இல் பிரித்தானியாவின் 26 மருத்துவ அமைப்புகளிலிருந்து திரட்டிய பெரிய ஆய்வொன்று வெளியாயிற்று. தொட்டியில் வலி தாங்கிய, வேறு சிக்கலற்ற தாய்மாருள், நீரிலேயே ஈன்றோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும், கரையேறி ஈன்றோரைவிடத் தீங்கு மிகுதியாக இல்லை என்பது அதன் முடிபு. கொடி அறுதல் மட்டும் நீரில் சற்றே கூடுதல். இம்முடிபு பயிற்சி பெற்ற மருத்துவச்சியும், அழைத்தால் வரும் மருத்துவரும் உள்ள இடத்துக்கே பொருந்தும் என்பதைப் படிப்போர் மறத்தலாகாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 2018இல் திருப்பூரில், காணொளி பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்க முற்பட்டு ஓர் இளந்தாய் குருதிப்போக்கால் உயிர்நீத்தார். இக்கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டுக் குளியலறையில் தொட்டி தேடுவோர் உளரேல், அவர்கள் நாம் எழுதியதைப் படிக்கவில்லை என்றே கொள்வோம். தமிழகத்தில் இன்று ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. தாய் இறப்பு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதனைக் கைவிடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதே தமிழகத்தில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிள்ளைகள் அறுவையால் பிறக்கின்றன என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். உயிர் காக்கும் இடத்திலேயே மானமும் காக்கப்பட முடியாதா என்பதே நம் மாணவியாரின் மடல் எழுப்பும் வினா. தொட்டி வேண்டா, எழுந்து நடக்க விடலாம், உம்மாவை உள்ளே விடலாம், ஏசாதிருக்கலாம். இவற்றுக்குப் பொருட்செலவு ஏதும் இல்லை.

பெரியவர்கள் சிலர், திருமறையில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் பேரீச்ச மரத்தடியில் வேதனையுற்றபோது அவர்கட்குக் கீழே நீரோடை அருளப்பெற்ற செய்தியை இதற்குச் சான்றாகக் காட்டுவதைக் கேட்டிருக்கிறோம். அந்நீர் பருகுதற்கென்றே அங்குச் சொல்லப்படுகிறது. அதனைத் தொட்டிக்குச் சான்றாக வலிந்து இழுப்பது முறையாகாது. எனினும், தனித்து வலியுற்ற ஒரு பெண்ணுக்கு முதலில் வந்து சேர்ந்தது ஆறுதல் மொழியும் நீரும் கனியும் என்பது நெஞ்சில் நிற்கிறது.

மடலின் இறுதிப் பக்கம் உம்மாவைப் பற்றியது. விடியற்காலையில் பெண் பிள்ளை பிறந்தது. நீரிலிருந்து தாயே இரு கைகளாலும் அள்ளி மார்பில் சேர்த்துக்கொண்டார். பிள்ளை உடனே அழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்ததாம். அந்தச் சில நொடிகளில் உம்மாவுக்கு உயிரே இல்லை. பிறகு சிணுங்கலும், அதன்பின் அழுகையும் எழுந்தன. வெளியே நின்ற தந்தை அழைக்கப்பட்டு, பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். நஞ்சுக்கொடி கரையேறிய பின்னரே வெளிவந்தது. நீருக்குள் குருதிப்போக்கை அளவிடுதல் கடினம் ஆதலின் அப்படிச் செய்தனராம். எல்லாம் முடிந்து அறை அமைதியான பிறகு, உம்மா தம் வழக்கப்படி, பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வெந்நீர் கேட்டிருக்கிறார். உடற்சூடு குறைந்துவிடும், ஒரு நாள் கழியட்டும் என்று மருத்துவச்சி மறுத்துவிட்டார். "தண்ணியிலேயே பெத்துப் போட்ட பிள்ளைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதாமே!" என்று உம்மா ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் என்று மாணவியார் எழுதி முடித்திருக்கிறார்.