கமக்காரரின் நாயும் காட்டு இறைச்சியும்

வன்னிப் பெருநிலத்தில் நாயில்லாத கமக்காரர் வீடு அரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களில் நெல் குடலைப் பருவம் எய்தியதும் காட்டுப்பன்றி இரவில் இறங்குகின்றது. பகலிலே குரங்கும் மயிலும் மரக்கறித் தோட்டத்தை அழிக்கின்றன. இவற்றின் வரவை முதலில் அறிந்து குரல் கொடுப்பது நாயே. ஆகவே, காவல் நாயின் உணவைப் பற்றிச் சிந்திப்பதும் பயிர்ப் பாதுகாப்பின் ஒரு பகுதியேயாகும்.

மேனாடுகளில் சேதன முறையில் வளர்த்த விலங்குகளின் இறைச்சியையும், காட்டு விலங்குகளின் இறைச்சியையும் சமைக்காமல் நாய்க்குக் கொடுக்கும் வழக்கம் இக்காலத்திற் பரவியுள்ளது. வன்னிக்கு இது புதிதன்று. பன்றியை உரிக்குமிடத்தில் ஈரலையும் குடலையும் நாய்க்கு எறிவது இங்கு பழைய வழக்கம். மருந்து படாத இறைச்சி தூயது என்னும் நம்பிக்கையே இவ்விரண்டிற்கும் அடிப்படை. இந்நம்பிக்கையிற் சிறிது உண்மையும் பெரிய ஆபத்தும் உண்டு.

சேதனம் என்ற சொல் கமக்காரர் நன்கறிந்தது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபொழுது அச்சொல் ஒவ்வொரு வரம்பிலும் பேசப்பட்டது. பச்சைச் சாணமும் சேதனப் பொருளே. எனினும், மக்காத சாணத்தைக் கன்றின் அடியில் இடுவோர் இலர். அதிற் களை விதையும் கிருமியும் உண்டென்பதை யாவரும் அறிவர். இறைச்சியும் அவ்வாறே. விலங்கு எவ்வாறு வளர்ந்தது என்பதையே சேதனம் என்னும் சொல் உணர்த்தும்; அதன் ஈரலிற் புழு உண்டா இல்லையா என்பதை உணர்த்தாது.

புழு பரவும் வழி

நாயின் சிறுகுடலில் வாழும் நாடாப்புழு வகைகளுள் ஒன்று மிகச் சிறியது. அதன் நீளம் 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையே. இதன் முட்டைகள் நாயின் மலத்துடன் வெளியேறிப் புல்லிலும் நீரிலும் கலக்கின்றன. ஆடு, மாடு, பன்றி முதலியன அவற்றை உட்கொண்டால் அவ்விலங்குகளின் ஈரலிலும் சுவாசப்பையிலும் நீர்க்கட்டிகள் தோன்றும். கட்டியுள்ள ஈரலைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் ஏறக்குறைய ஆறு கிழமைகளிற் புழு முதிர்ச்சியடைந்து மீண்டும் முட்டைகளை வெளிவிடும்.

மனிதனும் இம்முட்டைகளை உட்கொள்ள நேரும். நாயைத் தடவிய கையுடன் உண்ணும் பிள்ளையும், நாய் மலம் பட்ட கீரையைக் கழுவாது உண்பவரும் இந்நோய்க்கு ஆளாகலாம். கட்டி பல ஆண்டுகள் நோவின்றி வளரும். வெளிப்படும்பொழுது பெரும்பாலும் சத்திரசிகிச்சை வேண்டியதாகும். நாயோ மெலிவின்றி, நோயின் அறிகுறி எதுவுமின்றித் திரியும். நாய் நலமாய் இருக்கின்றதே என்று வீட்டார் ஏமாறுவது இதனாலேயே.

ஐஸ்லாந்து கற்பித்த பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து தேசத்து மக்கள் இந்நோயால் மிகவும் வருந்தினர். அங்கு ஆட்டை வீட்டிலேயே அறுத்து, கழிவை நாய்க்கு எறிவது வழக்கம். 1863 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராப்பே என்னும் மிருக வைத்திய அறிஞர் அங்கு சென்று 100 நாய்களைச் சோதித்து, 28 நாய்களில் இப்புழுவைக் கண்டார். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய சிறு பிரசுரம் அந்நாட்டு வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குக் கொடாது அழிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பின்னர்ச் சட்டங்களும் துணைசெய்தன. இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் அந்நாட்டினின்றும் ஒழிந்தது. ஈரலை எறியும் கையை நிறுத்தியதே அங்கு முதல் மருந்தாயிற்று.

வேறு ஆபத்துகள்

காட்டுப்பன்றியிடமிருந்து நாய்க்குத் தொற்றும் வைரசு நோயொன்று ஐரோப்பாவில் வேட்டை நாய்களைக் கொன்றுள்ளது. அறிகுறி தோன்றிய சில நாட்களில் நாய் இறக்கும். 2018 இல் இங்கிலாந்தில், காட்டு மான் இறைச்சி பச்சையாகச் சேர்க்கப்பட்ட உணவைத் தின்ற பூனைகள் சிலவற்றில் மாட்டுக் காசநோய் காணப்பட, அவ்வுணவு விற்பனையிலிருந்து மீளப் பெறப்பட்டது. 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்டது. அது நாய்க்கும் மனிதனுக்கும் தொற்றாதெனினும், நோயுற்ற பன்றியின் கழிவை நாய் இழுத்துச் செல்லின் அயலிலுள்ள பன்றி வளர்ப்பு அழியக்கூடும்.

காட்டு விலங்கு மருந்து படாதது என்பதும் எப்பொழுதும் உண்மையன்று. பூச்சிகொல்லி தெளித்த தோட்டத்திலேயே அது மேய்கின்றது. நஞ்சுண்டு இறந்த விலங்கைத் தின்னும் நாயும் இறக்கலாம். துவக்கினாற் சுட்ட இறைச்சியில் ஈயத் துணுக்குகள் தங்கலாம். பன்றி வெடியோ, அதனைக் கடிக்கும் விலங்கு எதுவென்று பாராது; இரை தேடி அலையும் நாயின் தாடையையும் அது சிதைக்கும். மான், மரை, உடும்பு ஆகியன 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது.

கொடுக்கத்தக்க உணவு

காவல் நாய்க்குக் காட்டு இறைச்சி இன்றியமையாததன்று. குறுநல் அரிசிச் சோற்றுடன் அவித்த மீன், முட்டை, கோழி இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றையும், சிறிது அவித்த பூசணியையும் சேர்த்துக் கொடுத்தால் நாய் நன்கு உழைக்கும். தனிச் சோறு போதாது. மீனின் முள்ளை நீக்குதல் வேண்டும். வெங்காயமும் உள்ளியும் நாயின் குருதியைக் கெடுப்பன, அவற்றைச் சேர்த்தலாகாது. அவித்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும், அதனையும் தவிர்க்க.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. எந்த விலங்கின் ஈரல், சுவாசப்பை, குடல் ஆகியவற்றையும் பச்சையாகக் கொடாதீர்கள். நீர்க்கட்டி காணப்படும் உறுப்பை எரித்துவிடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்திற் புதையுங்கள்.

2. கொடுக்கும் இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, அரை மணி நேரத்திற்குக் குறையாமற் கொதிக்க வையுங்கள்.

3. மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள். பிரசிகுவான்டல் என்னும் மருந்து நாடாப்புழுவைக் கொல்லும். மருந்து கொடுத்த நாட்களில் நாயின் மலத்தைச் சேர்த்துப் புதையுங்கள்.

4. மரக்கறிப் பாத்திகளில் நாய் நுழையாதவாறு வேலி அடையுங்கள். கீரை வகைகளை நன்கு கழுவிய பின்னரே உண்ணுங்கள்.

5. ஆண்டுதோறும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி ஏற்றுங்கள். காட்டிற்குச் செல்லும் நாய் நரியிடமும் கீரியிடமும் கடிபடும். நாய் எவரையேனும் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பயிரைக் காக்கும் நாய், அதே முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கு நோயைக் கொண்டுவரலாகாது. எறிந்த ஈரல் ஒரு வேளை உணவை மிச்சப்படுத்தும்; அதனால் வரும் சத்திரசிகிச்சையோ ஒரு போகத்து விளைச்சலையும் விழுங்கும். கழிவைப் புதைக்க ஒரு மண்வெட்டியும் சிறிது நேரமுமே வேண்டும். ஐயமுள்ளோர் தத்தம் பகுதி அரசாங்க மிருக வைத்தியரை அணுகி ஆலோசனை பெறுவார்களாக.